ஒரு முட்டைக்கு இருபது மாத்திரை

கந்தப்பு அண்ணன் ஆட்டுக்கறி சாப்பிடுவார் என்பது பினாங்குத் தீவில் இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருவர், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் என்னும் கறிச்சோற்றுக் கடை வைத்திருந்த காஜா மொய்தீன். இன்னொருவன் நான். கடவுளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அண்ணன் கோயில் கமிட்டியின் கௌரவச் செயலாளர் என்பதால் அவர் கண்டும் காணாமல் இருந்திருப்பார்.

என் பெயர் விநாசித்தம்பி. அரசாங்க அலுவலகத்தில் கந்தப்பு அண்ணன் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தபோது அவருக்குக் கீழே இருபத்திரண்டு வருஷம் கோப்பு கட்டியவன். ஓய்வு பெற்ற பிறகும் ஜெலுத்தோங்கில் அவர் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தேன். எங்கள் பாட்டன்மார் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிக் குமாஸ்தா வேலைக்கு வந்தவர்கள். பேரன்மார் நாங்களும் குமாஸ்தாக்கள்தான். எங்கள் ஆட்களிடம் இரண்டு குணங்கள் மாறாமல் வந்திருந்தன. ஒன்று, சைவச் சாப்பாடு. அடுத்த வீட்டில் மீன் பொரித்தால் நாங்கள் ஜன்னலைச் சாத்துவோம், அந்த வீட்டுக்காரர் காதில் விழும்படி. இரண்டு, தட்டச்சு செய்த எதையும் அப்படியே நம்புவது. மேலே முகவரி அச்சிட்டு, நடுவில் பொருள் எழுதி, கீழே கையெழுத்து வைத்த காகிதம் வந்தால், அதில் நாளை முதல் சூரியன் மேற்கே உதிக்கும் என்று எழுதியிருந்தாலும் பார்த்தோம் என்று ஒப்பமிட்டுக் கோப்பில் வைத்துவிடுவோம்.

எண்பத்தேழாம் வருஷக் கடைசி மழையில் அண்ணனுக்கு நிமோனியா வந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அண்ணனின் மனைவி ஞானாம்பிகை அக்கா பன்னிரண்டு நாளும் கட்டில் பக்கத்து நாற்காலியை விட்டு எழவில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளை நடுங்க வைத்த டீச்சர் அவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் அழுததை நான் என் கண்ணால் பார்த்தேன். அண்ணன் பிழைத்து வெளியே வந்தபோது சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: “இவருக்கு புரோட்டீன் வேணும். முட்டை, மீன், கோழி எது ஒத்துக்குதோ கொடுங்க. உடம்புல சதை இல்லைன்னா நோயை எதிர்க்கிற சக்தி எங்கேருந்து வரும்? அடுத்த சளிக்கு மறுபடி இங்கேதான் வருவார்.”

“டாக்டர், நாங்கள் சைவம்” என்றார் அக்கா.

“அப்ப பால், பருப்பு, சோயாவுல செய்யற தவ்ஃபூ. நிறையக் கொடுங்க.”

பால் அண்ணனுக்கு ஒத்துக்கொள்ளாது. தவ்ஃபூவை அவர் நனைந்த ரப்பர் என்பார். பருப்பு கொடுத்தார் அக்கா. மூன்று வேளையும் பருப்பு. இரண்டு வாரத்தில் அண்ணனுக்குச் சதை வரவில்லை, வாயு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கோலாலம்பூரிலிருந்து சந்திரசேகரன் என்பவர் வந்து இறங்கினார். டை கட்டி, கையில் ஸ்லைடு போடும் இயந்திரத்தோடு எங்கள் ஆட்களின் சங்க மண்டபத்துக்கு வந்தார். கம்பெனி பெயர் ஜோதிகிரீன். சுவரில் ஒரு பச்சைக் குளத்தைக் காட்டினார். அதில் மிதப்பது ஸ்பிருலினா என்ற நுண்பாசி, ஒற்றை இழை கண்ணுக்குத் தெரியாது, காயவைத்துப் பொடித்தால் நூற்றுக்கு அறுபது பங்கு புரோட்டீன் என்றார். ஆட்டிறைச்சியில் இருபதுகூட இல்லை என்று ஒரு படம். பிறகு, வெள்ளை அணுக்கள் துப்பாக்கியோடு அணிவகுத்து நிற்பதாக ஒரு படம். அவற்றின் தொப்பி பச்சை நிறத்தில் இருந்தது. மண்டபமே மூச்சுவிடாமல் பார்த்தது.

அதன் பிறகு எங்கள் சங்கத்தில் நடந்தது வேறெந்த ஊரிலும் நடந்திருக்காது. பாசி சைவமா அசைவமா என்று நாற்பது நிமிஷம் விவாதித்தோம். தண்ணீரில் இருப்பதெல்லாம் மீன் இனம் என்றார் ஒருவர். அப்படியானால் தாமரைக்கிழங்கும் மீனா என்று கேட்டார் இன்னொருவர். கடைசியில், “நுண்பாசி சைவ உணவே எனச் சபை ஏற்கிறது” என்று ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்கு. குறிப்பேட்டில் எழுதியவன் நான்தான்.

அன்றைக்கே அக்கா இரண்டு போத்தல் வாங்கினார். அடுத்த மாதம் ஏஜெண்டாகிவிட்டார்.

தினமும் காலையில் ஆறு மாத்திரை. அக்கா தண்ணீர் டம்ளரோடு எதிரே நிற்பார். அண்ணன் ஆறையும் வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கி, தண்ணீரை மட்டும் விழுங்கி, “ஓம், போட்டாச்சு” என்பார். பிறகு பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் பின்பக்கம் போய்ச் சாக்கடையில் துப்பிவிட்டு வருவார். மீன் தொட்டியைக் கழுவின வாடை அடிக்கிறதாம். மனுஷன் முப்பத்தைந்து வருஷம் மேலதிகாரிகளிடம் ஆம் ஆம் என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்த்தவர். இந்த வித்தை அவருக்குப் புதிதல்ல.

ஒரு நாள் என்னிடம் வந்து, “விநாசி, உன் ஹோண்டா மோட்டார் சைக்கிளை எடு. என்னை ஓரிடத்துக்குக் கொண்டுபோ” என்றார்.

“எங்கே அண்ணே?”

“டாக்டர் சொன்ன இடத்துக்கு.”

காஜா மொய்தீன் கடையின் பின்கட்டில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் நான்கு மேசை. அங்கே உட்காருகிறவர்களின் பெயரை அவர் கேட்க மாட்டார். தெருவில் எதிர்ப்பட்டால் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். சாப்பிட்டு முடிந்ததும் கை வாசனை போக எலுமிச்சைத் துண்டும், வாய் வாசனை போக ஏலக்காயும் தானாக வரும். திரைக்குப் பின்னால் நான் கண்ட நெற்றிகளில் பாதி, திருநீறு அழிக்கப்பட்ட நெற்றிகள். அவர்களுக்கு அண்ணன் முதுகை மட்டும் காட்டி, சுவரைப் பார்த்து உட்காருவார். எனக்கு எப்படி இந்த இடம் தெரியும் என்று அண்ணன் கேட்கவில்லை. பெரிய மனுஷன்.

நூலகத்தில் பேப்பர் படிக்கப் போகிறோம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டோம். வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் தவிர தினமும் பன்னிரண்டரைக்குச் சோறு, ஆட்டுக்கறி, வெண்டைக்காய், அவித்த முட்டை ஒன்று. இரண்டே மாதத்தில் அண்ணனின் கன்னம் நிரம்பியது. ஆறு மாதத்தில் படியேறும்போது என்னை முந்தினார். பதினான்கு மாதத்தில் ஒரு தும்மல்கூட இல்லை.

அத்தனை பெருமையும் பாசிக்குப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு எடுத்த படத்தையும், சமீபத்தில் எடுத்த படத்தையும் அக்கா ஒரே சட்டத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், “டாக்டர்மார் கைவிட்ட ஆள். பாருங்கோ இப்ப” என்பார். டாக்டர் கைவிடவில்லை, முட்டைதான் கொடுக்கச் சொன்னார் என்பதை அவர் மறந்தே போயிருந்தார். பொய் சொல்கிற ஆள் இல்லை அக்கா. முழு மனதோடு நம்பினார். புருஷனைச் சாவிடமிருந்து தன் கையால் மீட்டுவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அவர் முகமே இளமையாகிவிட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் அண்ணனும் வாயைத் திறக்காமல் இருந்தார்.

ஒரு நாள் பின்சீட்டிலிருந்து சொன்னார். “விநாசி, அந்த நோட்டீஸை வாசிச்சேன். ஒரு மாத்திரை அரை கிராம். அதில அறுபது சதவீதம் எண்டால் கால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு முட்டையில ஆறு கிராம். ஒரு முட்டைக்கு இருபது மாத்திரை. இவள் எனக்குக் குடுக்கிறது ஆறு.”

“அறுபது சதவீதம்னு போட்டிருக்கிறது பொய்யா அண்ணே?”

“பொய் இல்லை. அதுதான் விசேஷம். எழுத்துக்கு எழுத்து உண்மை. பாசி நல்ல பொருள்தான், மலையாகத் தின்றால்.”

இந்தக் கணக்கைச் சங்கத்தில் சொல்லலாமே என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்றும் தோன்றியது. பேசாமல் வண்டியை ஓட்டினேன்.

அப்படியே போயிருக்கும், வள்ளியம்மா வராமல் இருந்திருந்தால்.

வள்ளியம்மா எங்கள் தெருமுனை அடுக்குமாடியில் இருந்த பெண். பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை. இருபத்தாறு வயது, வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை. காசநோய் வந்து ஃபேக்டரியில் விடுப்பு கொடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஆறு மாதத்துக்கு இலவச மருந்து. இரண்டு மாதம் முடிந்திருந்தது. இருமல் நின்றுவிட்டது. ஆனால் மருந்து குமட்டியது, சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனது. ஒரு மாலை அவள் அக்காவின் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தபோது நானும் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

“டீச்சர், நேத்து சந்திரசேகரன் சார் ஃபிளாட்டுக்கு வந்தாருலா. உடம்புல எதிர்ப்புச் சக்தி வந்திருச்சுன்னா மருந்து எதுக்கு, அது லிவரைத்தான் கெடுக்கும்னு சொல்றாரு. இந்தப் பாசிய மட்டும் சாப்பிட்டா போதுமா டீச்சர்?”

“நான் என்னத்தைச் சொல்லுறது, இவரைப் பார்” என்று படத்தைக் காட்டினார் அக்கா.

வள்ளியம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். “சார், நெஜமாவே இதுதானா உங்கள காப்பாத்துச்சு?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் காப்பியைப் பார்த்தேன்.

“ம்” என்றார் அண்ணன்.

அந்த ஒரு எழுத்து அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மறுநாள் காஜா மொய்தீன் கடையில் கறியைப் பிசைந்தபடியே இருந்தார். “அந்தப் பிள்ளை மருந்தை விட்டால் செத்துப்போகும் விநாசி. அந்தக் குழந்தைக்கும் ஒட்டும். என் ‘ம்’மைக் கேட்டுத்தான் விடப்போகுது” என்றார்.

“அவளைத் தனியாக் கூப்பிட்டு, மருந்தை விடாதேன்னு சொல்லிடுங்க அண்ணே. காரணம் எதுக்கு?”

“சொன்னேன். ‘நீங்க மட்டும் பாசியில பொழச்சுக்கிட்டு என்னை மட்டும் மருந்து திங்கச் சொல்றீங்களே சார்’ எண்டு கேக்கிறாள்.”

“அப்ப விடுங்க” என்றேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வள்ளியம்மாவின் நுரையீரலைப் பற்றிக் கவலையில்லை. அண்ணன் வாயைத் திறந்தால் அடுத்தது என் பெயர் வரும் என்பதுதான் என் கவலை. என் மனைவி யோகம்மா ஞானாம்பிகை அக்காவைப் போல அழுகிற ரகமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபத்தில் ஜோதிகிரீனின் ஆண்டுவிழா. முன்னூறு நாற்காலி, பச்சைத் தோரணம், பச்சைக் கேக். அக்காவுக்குப் ‘பச்சை நட்சத்திரம்’ என்று ஒரு பதக்கம். மூட்டுவலி போனவர், முடி முளைத்தவர், மகனுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தவர் என்று வரிசையாக மேடையேறி பாசிக்கு நன்றி சொன்னார்கள். கடைசியில் சந்திரசேகரன், “நமது நடமாடும் அதிசயம்!” என்று கந்தப்பு அண்ணனை அழைத்தார். முன்வரிசையில் வள்ளியம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் சேர்க்கைப் படிவம் இருந்தது.

அண்ணன் மைக்கைப் பிடித்தார். அலுவலகத்தில் ஆண்டறிக்கை வாசிக்கிற அதே குரலில் பேசினார்.

“சபையோருக்கு வணக்கம். நான் பதினான்கு மாதமாக இந்த மாத்திரையில் ஒன்றைக்கூட விழுங்கவில்லை. எல்லாவற்றையும் சாக்கடையில் துப்பினேன். என் உடம்பு தேறியதற்குக் காரணம் ஆட்டுக்கறியும் முட்டையும். வள்ளியம்மா, நீ ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தாதே.”

நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அவரைத் தொடர்ந்து முன்னூறு பேரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பாசி முடி முளைக்க வைக்கும் என்பதை நம்பியவர்கள், மகனுக்கு ஸ்காலர்ஷிப் வாங்கித் தரும் என்பதையும் நம்பியவர்கள், கோயில் செயலாளர் கந்தப்பு கறி தின்பார் என்பதை மட்டும் நம்ப முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“சிரிக்காதேங்கோ!” என்று கத்தினார் அண்ணன். “விநாசித்தம்பி அங்கே இருக்கிறான். என்னோடு தினமும் சாப்பிட்டவன். அவனைக் கேளுங்கோ!”

யாரோ மைக்கைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்கள். பக்கத்தில் யோகம்மா. “என்ன சொல்லுறார் இவர்?” என்று மெதுவாகக் கேட்டாள். அவளுடைய உரத்த குரலுக்கு நான் பழகியவன். மெதுவான குரலுக்குத்தான் பயப்படுவேன்.

“நாங்கள் லைப்ரரிக்குத்தான் போவோம்” என்றேன். “பேப்பர் படிப்போம். வேறொன்றும் எனக்குத் தெரியாது.”

ஒலிபெருக்கியில் அது மிகத் தெளிவாகக் கேட்டது.

சந்திரசேகரன் பாய்ந்து மைக்கை வாங்கினார். “பார்த்தீங்களா! அறுபத்து நாலு வயசுல இந்த நகைச்சுவை உணர்வு! இது எங்கிருந்து வருது? மூளைக்குப் போகிற சத்துலேருந்து!” அன்றைக்கு மட்டும் ஒரு லாரி போத்தல் விற்றதாகப் பிறகு சொன்னார்கள். வள்ளியம்மா படிவத்தை நிரப்பினாள். நான் பார்த்தேன். சிரித்துக்கொண்டேதான் நிரப்பினாள்.

மேடையிலிருந்து இறங்கி வந்த அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. நேரே அக்காவிடமும் வள்ளியம்மாவிடமும் போய், “நாளைக்குப் பன்னிரண்டரைக்கு இரண்டு பேரும் என்னோடு வாங்கோ. கண்ணால் பாருங்கோ” என்றார். “சரி, வாறன்” என்றார் அக்கா, பதக்கத்தைக் கழற்றாமலே.

மறுநாள் நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பதினொன்றரை வரைக்கும் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ‘வேறொன்றும் எனக்குத் தெரியாது’ என்ற என் குரல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. படிவத்தில் கையெழுத்துப் போடும்போது அந்தப் பெண் சிரித்த சிரிப்பும் போகவில்லை. பன்னிரண்டே காலுக்கு வண்டியை எடுத்தேன்.

கடைக்குள் நுழைந்தபோது மூன்று பேரும் முன்பக்க மேசையில் இருந்தார்கள். திரைக்குப் பின்னால் இல்லை, தெருவைப் பார்த்த மேசை. அக்கா கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார். வள்ளியம்மா கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள். கதவோரம் ஒதுங்கி நின்றேன். என்னை யாரும் பார்க்கவில்லை.

அண்ணன் காஜா மொய்தீனைக் கூப்பிட்டார். “பாய், வழக்கமான சாப்பாடு கொண்டு வாங்கோ.”

காஜா மொய்தீன் அண்ணனைப் பார்த்தார். பக்கத்தில் பொட்டும் திருநீறுமாக அக்காவைப் பார்த்தார். நாற்பது வருஷத் தொழில் தர்மம் அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

“வழக்கமானதா? ஐயா நம்ம கடைக்கு இப்பத்தானே முதல் தடவையா வர்றீங்க? சைவம்னா அப்படியே நேராப் போயி, வலப்பக்கம் திரும்புங்க. நல்ல இலைச் சாப்பாட்டுக் கடை இருக்கு.”

“பாய்! பதினாலு மாசமா இங்கேதானே சாப்பிடுறேன்! இவளுக்குச் சொல்லுங்கோ!”

“அல்லா மேல ஆணையா, உங்கள நான் பார்த்ததே இல்லீங்க” என்றார் காஜா மொய்தீன். பிறகு அக்கா பார்க்காத நேரமாக அண்ணனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார், பயப்படாதீங்க, காப்பாத்திட்டேன் என்கிற மாதிரி.

அண்ணன் எழுந்து போய் அவரே கையால் காட்டிக் காட்டிச் சோற்றையும் கறியையும் முட்டையையும் வாங்கிவந்தார். மேசையில் வைத்து, ஒரு துண்டு ஆட்டுக்கறியை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கிவிட்டது.

“முதல் முதலா என் கண் முன்னால சாப்பிடுறீங்கள். எனக்குப் பதக்கம் குடுத்தது பொறுக்கேல்லை, என்ன? என்னைப் பொய்க்காரி ஆக்கிறதுக்குப் பரம்பரை ஆசாரத்தையே விட்டுட்டீங்கள். கடைக்காரரே உங்களைத் தெரியாது எண்டு சொல்லுறார். விநாசித்தம்பியும் முன்னூறு பேருக்கு முன்னால சொல்லிப்போட்டார்.”

“ஆமா சார்” என்றாள் வள்ளியம்மா பாவமாக. “எனக்காக இதெல்லாம் தின்னாதீங்க சார். பாவம்லா. நான் தைரியமாத்தான் இருக்கேன்.”

அண்ணனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னார், சிரித்தார்கள். சாப்பிட்டே காட்டினார், அழுதார்கள். இனி அந்த மனுஷனிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது கதவோரம் நின்றுகொண்டிருந்தது.

வெளியே திரும்பி ஹோண்டாவில் ஏறிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை. ஆனால் கால் உள்ளே போயிற்று.

“அக்கா” என்றேன். மூவரும் திரும்பினார்கள். “அண்ணன் சொன்னது உண்மை. பதினாலு மாசம். வெள்ளியும் ஞாயிறும் தவிர. நான்தான் வண்டியில கூட்டிவந்தேன். நானும் சாப்பிட்டேன். நேற்று மைக்கில நான் சொன்னதுதான் பொய்.”

காஜா மொய்தீன் கல்லாவுக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். “அப்ப மாத்திரை?”

“எல்லாம் சாக்கடைக்குத்தான் போச்சு” என்றார் அண்ணன், தலையைத் தூக்காமல்.

அக்கா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். அந்த வாசனையெல்லாம் இனி ஒரு பொருட்டில்லை என்பது போல. பேசியபோது குரல் டீச்சர் குரலாக இல்லை.

“நீங்கள் கறி சாப்பிட்டது எனக்குப் பெரிசில்லை. கேட்டிருந்தா, அழுதாலும் சமைச்சுத் தந்திருப்பேன். நான் காப்பாத்தினேன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தேன். தினமும் காலையில அந்த டம்ளரைப் பிடிச்சுக்கொண்டு, என் கையால உங்களைப் பிழைக்க வைக்கிறேன் எண்டு நினைச்சேன்.”

எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆட்டுக்கறி தின்றதோடு, அந்த அம்மாவின் நிம்மதியையும் சேர்த்தல்லவா தின்றிருக்கிறோம்.

அப்போது வள்ளியம்மா மெல்லக் கேட்டாள். “டீச்சர், அப்ப நான் மருந்த நிறுத்தினது தப்பா?”

அக்கா சட்டென்று நிமிர்ந்தார். “நிறுத்திட்டியா? எப்பவிருந்து?”

“நாலு நாளா. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனதுலேருந்து. நேத்து ராவு லேசா இருமல் வந்துச்சு. இருமல் வந்தா அது கழிவு வெளியேறுதுன்னு சந்திரசேகரன் சார் முன்னாலேயே சொல்லியிருந்தாரு.”

அக்கா எழுந்தார். நாற்காலி பின்னால் தள்ளிக்கொண்டு போன சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. இப்போது அது டீச்சர் குரல்தான்.

“எழும்பு. கிளினிக் எத்தனை மணி வரைக்கும்?”

“நாலரை வரைக்கும் டீச்சர். ஆனா நாலு நாள் விட்டுட்டேன்னா நர்ஸ் ஏசுவாங்க...”

“ஏசட்டும். நான் பக்கத்தில நிற்கிறேன். உன்னை நிறுத்த வைச்சது யாரெண்டு நானே சொல்லுறேன். அவங்கள் என்னை ஏசட்டும். இனி ஒவ்வொரு நாளும் காலையில என் வீட்டுக்கு வந்து, என் முன்னால அந்த மருந்தை விழுங்கோணும். விழுங்கிட்டு வாயைத் திறந்து காட்டோணும். கன்னத்தில ஒதுக்குற வேலை எல்லாம் எனக்கு இப்ப தெரியும்.”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அண்ணனைப் பார்த்தார். அண்ணன் குழந்தை மாதிரி வாயை மூடிக்கொண்டார்.

வள்ளியம்மா கைப்பையிலிருந்து புதுப் போத்தலை எடுத்து மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். காஜா மொய்தீன் ஓடிவந்து, பிளாஸ்டிக் பையில் அவித்த முட்டை இரண்டைப் போட்டு அவள் கையில் கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவில்லை.

அக்கா வாசலில் எனக்கு எதிரே வந்து நின்றார். நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவர் போகவில்லை.

“விநாசித்தம்பி, இப்ப எங்களிட்ட சொன்னதை யோகம்மாவிட்டையும் சொல்லோணும்.”

“இன்றைக்கே சொல்லிடுறேன் அக்கா. வீட்டுக்குப் போனவுடனே.”

“வீட்டில வேண்டாம்” என்றார் அக்கா. “நேற்றுப் படிவம் நிரப்பினது வள்ளியம்மா மட்டும் இல்லை. ஐம்பது பேர் நிரப்பினவை. அதில எத்தனை பேர் மருந்தை நிறுத்தப்போகினமோ தெரியாது. வாற ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில கூட்டம் இருக்கு. நானும் மேடையில ஏறிச் சொல்லப்போறேன். ஆனால் என்னையும் பார்த்துச் சிரிப்பினம். நீங்களும் மேடைக்கு வாங்கோ. யோகம்மா முன்வரிசையில இருக்கட்டும். மைக்கில சொல்லுங்கோ.”

பதிலுக்குக் காத்திருந்தார். தெருவில் வள்ளியம்மா டாக்சியை நிறுத்திக்கொண்டிருந்தாள். அண்ணன் தட்டிலிருந்து கையை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘சரி’ என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு நெடுநேரம் பிடித்தது. சொன்னேன்.